கால் முதலில் வந்த பிள்ளை

என் இரண்டாவது மகன் கால் முதலில் வந்து பிறந்தான். அப்போது பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். வலியெடுத்து வெகுநேரம் ஆகியும் தலை மட்டும் வெளியே வரவில்லை. எங்கள் வீட்டு வரிசைக்கே பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி அக்கா, இனியும் விட்டால் மூச்சடைத்துப் போகும் என்று பிள்ளையை இடுப்புக்கு மேலே பிடித்து இழுத்துத்தான் எடுத்தார். பிள்ளை அழுதான், பால் குடித்தான். நான் தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை அவன் வெளுத்துப்போயிருந்தான். மார்பில் வைத்தால் வாய் திறக்கவில்லை. வயிறு உப்பி இறுகி, தொப்புளைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. யாரோ தோஷம் என்றார்கள். அக்காதான் பார்த்ததும் முகம் மாறி, ரிக்‌ஷா பிடித்து எங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

வெள்ளைக்கார டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசியதை, அங்கே டாக்டருக்கு உதவியாளாக, டிரஸராக இருந்த தமிழர் எனக்குச் சொன்னார்.

"ஈரல் கிழிஞ்சிருக்கும்மா. ரத்தம் நேத்து ஈரல் மேல உள்ள தோலுக்குள்ளயே கட்டி நின்னுருக்கு. இப்ப அது ஒடஞ்சு வயித்துக்குள்ள எறங்கிருச்சு."

உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. தைக்க முடியாதா என்று கேட்டேன். இத்தனை சின்ன உடம்பு தாங்காது என்றார். பொழுது சாய்வதற்குள் மடியிலேயே அடங்கிவிட்டான்.

பட்டறையிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர், வெளியே உட்கார்ந்திருந்த அக்காவைக் கொலைகாரி என்றார். நான் டிரஸரைக் கூப்பிட்டு, இழுத்ததால்தானா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னேன்.

"இழுத்ததுல ஆயிருக்கலாமாம். இழுக்கலன்னா அங்கயே செத்திருக்கும், நீயும் பொழச்சிருப்பியான்னு தெரியாதுங்கிறாரு."

என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிள்ளையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு, அடக்கம் செய்யத் தனியாகப் போனார்.

எனக்குப் பால் கட்டிக்கொண்டது. மாரில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சமைத்தேன், எண்ணெய்ச் சட்டைகளைத் துவைத்தேன், மூத்தவனைக் குளிப்பாட்டினேன். அக்கா எங்கள் வாசல் வழியாகப் போவதையே விட்டுவிட்டார்.

நான் மறுபடி உண்டானபோது, இந்த முறை ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சரி என்றேன். ஆனால் வலி வந்ததும் அக்காவைக் கூட்டிவர ஆளனுப்பினேன். வீட்டுக்காரர் தடுக்கவில்லை. பெண் பிள்ளை, தலை முதலில் வந்தது. அக்கா பிள்ளையைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி தொடாமல் கட்டிலருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தூக்குங்கக்கா," என்றேன். "எனக்குக் கை ஓஞ்சு போச்சு."