நாலு ரப்பர் புஷ்

எண்பதுகளில் திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரேடியோக் கடை வைத்திருந்தவரை, கண்ணைக் கட்டுகிறவர் என்றுதான் நாங்கள் சொல்வோம். நெட்டையான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். கேட்ட பொருளை உடனே எடுத்துத் தரமாட்டார்.

என் புது டேப் ரெகார்டருக்கு அடியில் வைக்க நாலு ரப்பர் புஷ் கேட்டேன். அதிர்வு குறைந்து பாட்டு துல்லியமாகும் என்று நண்பன் சொல்லியிருந்தான். அவர் துண்டால் என் கண்ணைக் கட்டிவிட்டுக் கடை டேப்பில் ஒரு பாட்டைப் போட்டார். பிறகு அதை நிறுத்தி எதையோ நகர்த்தினார். மறுபடி அதே பாட்டு.

“இப்பதான் சுத்தமா கேக்குது!” என்றேன்.

கட்டை அவிழ்த்தார். நாலு புஷ்ஷும் அவர் உள்ளங்கையில் இருந்தன.

“இன்னும் வைக்கவே இல்லீங்க. ரெகார்டு பிளேயருன்னா லாரி போறப்போ முள்ளு குதிக்கும், அதுக்குக் குடுப்பேன். டேப்புக்கு வாணாங்க.”

வந்த வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்ட அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய டேப் ரெகார்டருக்கு அடியிலும் நாலு ரப்பர் புஷ்! நான் சிரித்துவிட்டேன்.

அவர் சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “எங்க வீட்ல ஆசையா வச்சாங்க. அப்புறம் பாட்டு நல்லாருக்குதுன்னு கேட்டுக்கினே வேலை செய்றாங்க.”

“அவங்களுக்கு டெஸ்ட் கிடையாதா?”

“அவங்க கண்ணையா கட்டச் சொல்றீங்க?” என்றார். எழுந்து போய், சற்றே விலகியிருந்த ஒரு புஷ்ஷை நேராக வைத்துவிட்டுப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்.