அவளுக்கு மட்டும் ஒரு பொய்

மாமா பெண்ணுக்கு அந்தமான் போகும் யோகம் வாய்த்தது. எனக்கு அவள்கூடப் போகும் யோகம் வாய்த்தது. இரண்டும் ஒன்றல்ல என்பது விமானத்தில் ஏறியதுமே தெரிந்துவிட்டது. ஜன்னலோரம் அவள், நடுவில் அம்மா, கடைசியில் நான். வழியெல்லாம் அம்மாவின் முகம் மேகம் இருந்த பக்கமே திரும்பியிருந்தது. நான் அம்மாவின் காதுத் தோட்டைப் பார்த்துக்கொண்டே போர்ட் பிளேயர் போய்ச் சேர்ந்தேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அவளுக்கு ஒன்று குறைவு. நாங்கள் பெங்களூர் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். அப்பாவுக்குத் துணிக்கடையில் வேலை. அம்மாவின் தம்பியான மாமா கம்ப்யூட்டர் படித்து, வைட்ஃபீல்டில் நீச்சல்குளம் வைத்த அடுக்குமாடியில் குடியேறியிருந்தார். அங்கே போனால் நான் அவளுடைய பழைய கவுன்களோடு திரும்பி வருவேன். தனி அறை, சைக்கிள், கவுன் எல்லாம் அவளுக்கே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன். அவளுக்கு அம்மாவாக வாய்த்த மாமி எப்போதும் லேப்டாப்பும் கையுமாக இருப்பார், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். என் அம்மா எனக்கு மட்டும்தான் என்பது என் தைரியம்.

அந்த விடுமுறையில் மாமிக்கு ஆபீஸில் தலைக்கு மேல் வேலை என்றார்கள். அதனால் தன்னோடு அந்தமான் வந்து மகளைப் பார்த்துக்கொள்ள மாமா அம்மாவைக் கூப்பிட்டார். அம்மாவை விட்டு இருக்கமாட்டேன் என்று நான் தரையில் புரண்டதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்.

தீவில் இறங்கியதிலிருந்து என் அம்மா அவளுடைய அத்தை மட்டும்தான். அவளுக்குத் தலை பின்னினாள். இரவு அவள் பக்கம் திரும்பிப் படுத்தாள். சாப்பாட்டு மேசையில் மீனுக்கு முள் எடுத்து அவள் தட்டில் வைத்தாள். என் தட்டை நீட்டினேன். "நீ பெரிய பொண்ணு இல்ல? நீயே பாத்து எடுத்துக்கோ," என்றாள். ஒரே ஒரு வயது வித்தியாசத்தில் எப்படிப் பெரியவள் ஆனேன் என்று எனக்கு விளங்கவில்லை. மீனை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அதையும் யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் வெள்ளைக்காரன் கட்டிய பழைய சிறைச்சாலையைப் பார்க்கப் போனோம். எங்களுக்குக் கிடைத்த கைடு ஹிந்தியில் பேசினார். அம்மாவும் மாமாவும் சிவாஜிநகரில் உருது பேசும் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள். பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாத எதையும் அந்தத் தெரு உருதுவில்தான் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் கறிக்கடைக்கு வேண்டியதும் நாலைந்து வசவும்தான் தெரியும். வைட்ஃபீல்டுக்காரிக்கு அதுவும் தெரியாது. ஆகவே கைடு சொல்வதைக் கேட்டு அம்மா எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து நீண்டு போகும் கட்டடங்கள். ஒரு கட்டடத்தின் முகம் அடுத்ததன் முதுகைப் பார்த்து நின்றது. எதிரே யார் இருக்கிறார்கள் என்று கைதிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அப்படிக் கட்டினார்களாம். செக்கில் மாட்டுக்குப் பதில் ஆளைப் பூட்டினார்களாம். ஓர் அறைக்குள் எங்களை அனுப்பி, கம்பி வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தொடச் சொன்னார் கைடு. அது வெளிச் சுவரில் தள்ளி ஒரு மாடத்துக்குள் இருந்தது. நான் தோள் வலிக்க முயன்றும் எட்டவில்லை. அவள் முயலவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இவங்களுக்கெல்லாம் வீட்ல குட்டிப் பசங்க இருந்தா, வந்து பாக்கலாமா அத்தை?" என்று கேட்டாள்.

அம்மா கைடிடம் கேட்டாள். அவர் தலையையும் கையையும் ஒன்றாக ஆட்டி, "நஹீ, நஹீ," என்றார். கடலைக் காட்டி இன்னும் ஏதோ நீளமாகச் சொன்னார். மாமா விலகிப்போய் வராந்தாவின் கோடியில் நின்றுகொண்டார். அம்மா அவளுடைய கன்னத்தைத் துடைத்துவிட்டாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"வரலாமாம் கண்ணு. கப்பல்ல வருவாங்களாம். ஒரு நாள் பூரா கூடவே இருப்பாங்களாம்."

நான் திகைத்து நின்றேன். என் அம்மா பொய் சொல்லமாட்டாள். தடுப்பூசி போடும் நர்ஸ் எறும்பு கடிப்பதுபோல் இருக்கும் என்றால், "வலிக்கும், பல்லக் கடிச்சுக்கோ," என்பவள் அவள். என் பூனைக்குட்டி காணாமல் போனபோது, அது ஆட்டோவில் அடிபட்டுச் செத்ததைச் சொல்லிவிட்டுத்தான் எனக்குச் சோறு போட்டாள். அப்படிப்பட்டவள் இவளுக்காகக் கப்பலே விடுகிறாள். ஜன்னலும் மீனும் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை. எனக்கும் அப்படி ஒரு பொய் வேண்டும். அதே குரலில், கன்னத்தைத் துடைத்துச் சொல்ல வேண்டும்.

வெளியே வந்து மரத்தடியில் இளநீர் குடிக்கும்போது அம்மாவின் புடவையை இழுத்தேன்.

"என்னை இந்த ஜெயில்ல போட்டிருந்தா நீ வந்து பாப்பியாம்மா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "வெள்ளைக்காரன் விட்டாத்தானே? நடுக்கடல்ல நான் எங்கன்னு வருவேன்?" என்று சொல்லிவிட்டு, மாமா பெண்ணின் இளநீரில் விழுந்த தூசியை எடுக்கப் போய்விட்டாள். மிச்ச இளநீரை மரத்தின் வேரில் ஊற்றினேன்.

பெங்களூர் வந்த அன்று நேராக வைட்ஃபீல்டுக்குத்தான் போனோம். மாமியின் பீரோ திறந்து கிடந்தது. உள்ளே ஹேங்கர்கள் மட்டும் தொங்கின. மாமா பெண் அதன் முன்னால் போய் நின்றாள். அம்மா என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், மாமி சென்னையில் தன் அம்மா வீட்டுக்கே போய்விட்டதாகவும் இனி வரமாட்டார் என்றும் சொன்னாள். எனக்கு எப்போதும்போல உள்ளது உள்ளபடிதான். பள்ளி திறக்கும்வரை தான் இங்கேயே இருக்கப்போவதையும் அதே மூச்சில் சொன்னாள்.

சாயங்காலம் அப்பா வந்து என்னைப் பஸ்ஸில் அழைத்துப்போனார். மாரத்தஹள்ளி நெரிசலில் வண்டி நின்றபோதெல்லாம் நான் விம்மினேன். அப்பா என்னவென்று கேட்டதற்குக் காது அடைக்கிறது என்றேன். தனி அறை இருக்கிறது, நீச்சல்குளம் இருக்கிறது, என் அம்மாவும் இப்போது அவளிடமே இருக்கிறாள். போதாக்குறைக்கு, திட்டுவதற்கு மாமியும் இல்லாமல் போய்விட்டார். எல்லாக் கொடுப்பினையும் ஒருத்திக்கே போய்ச் சேர்ந்தால் நான் அழாமல் என்ன செய்வேன்?