தேரடியில் முள் எழும்பவில்லை

போன வாரம் என் மருமகனுடைய பழைய லாரியில் ஸ்பீடோமீட்டர் முள் செத்துப்போனது. கூடவே பல்சக்கரப் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. கியர்பாக்ஸில் ஏதோ கோளாறு என்று அதற்கு அர்த்தம். மெக்கானிக் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளங்கை அகலக் கருவி ஒன்றைச் செருகினார், படித்தார், "சென்சார் போயிட்டு சார்" என்றார். சக்கரம் போகிற வேகத்தைக் கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்குச் சொல்லி அனுப்புகிற சின்னச் சாமான் அது. அது போனால் முள்ளும் படுக்கும், விளக்கும் எரியும். பழையதைக் கழற்றியபோது கியர் ஆயில் வாடை, அழுகிய வெங்காயம் மாதிரி, குப்பென்று வந்தது. அந்த வாடையோடு சுடலைமுத்து அண்ணனும் நினைவுக்கு வந்துவிட்டார்.

பல வருஷத்துக்கு முன்னால் நான் சங்கரன்கோவிலில் லாரி எலெக்ட்ரீசியன். அப்படி ஒரு பலகை கடை வாசலில் தொங்கியது, அதை நானும் நம்பினேன். புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றுகிற லாரி ஒன்று வைத்திருந்த அண்ணாச்சி என் வாடிக்கைக்காரர். சுடலைமுத்து அவருடைய டிரைவர். அண்ணாச்சி தன் டிரைவருக்கு ஃபேன் வைத்துத் தரமாட்டார். "காத்து வந்தா தூக்கம் வரும்லா" என்பார். சித்திரை வெயிலில் சுடலைமுத்து அண்ணன் வேகிறதைப் பார்த்து, அண்ணாச்சிக்குத் தெரியாமல் மீட்டர் வயரிலிருந்து கரண்ட் எடுத்து நான் ஒரு குட்டி ஃபேன் மாட்டிக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் அது உடைந்தது, தூக்கிப் போட்டோம். வயரில் நான் சுற்றிய கறுப்பு டேப் மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு நாள் அந்த வண்டியில் முள் படுத்து, மஞ்சள் விளக்கும் எரிந்தது. முள் படுத்தால் டிரைவர் வயரைப் பிடுங்கிவிட்டான், கிலோமீட்டர் ஏறாமல் கள்ளச் சவாரி அடிக்கிறான் என்பதுதான் லாரிக்காரர்களின் முதல் முடிவு. அப்படிச் செய்கிற டிரைவர்களும் இருந்தார்கள். ஆனால் முள்ளோடு விளக்கும் சேர்ந்துகொண்டால் அடியில் போய்ப் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியும். அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது, தரையெல்லாம் கரிசல் சேறு. நானோ கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டு, புது வெள்ளைச் சட்டையில் நின்றேன். அதனால் மீட்டரின் பின்பக்கம் மட்டும் டார்ச் அடித்து, வயரில் டேப் சுற்றியிருப்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, வயர்ல கை வச்சிருக்கு" என்றேன்.

வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் அது நான் சுற்றிய டேப் என்று உறைத்தது.

"ஏலே சுடலை, சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுதியா?" என்றார் அண்ணாச்சி. அம்மன் கோயில் தேரடியில் வண்டியை நிறுத்தி, அதன் முன்னால் சூடம் கொளுத்தினார்கள். நல்ல கூட்டம். சுடலைமுத்து அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "வயர நான் தொடல, அம்மா சாட்சி" என்று எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்தார். வழக்கப்படி அதோடு விட்டிருக்க வேண்டும். அண்ணாச்சி விடவில்லை. "நெசம்னா அம்மாளே முள்ள எழுப்பட்டும். வண்டிய எடுலே!"

எடுத்தார். சிறுபிள்ளைகள்கூட எட்டி எட்டி மீட்டரைப் பார்த்தன. வண்டி நகர்ந்தது, முள் பூஜ்யத்திலேயே கிடந்தது, மஞ்சள் விளக்கு ஜம்மென்று எரிந்தது. "அம்மா லைட்டு போட்டுல்லா காட்டுதா!" என்றான் ஒருத்தன். தேரடியே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே. பிறகு கல்யாணத்துக்குப் போய்ப் பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் பழைய சட்டையோடு வண்டிக்கு அடியில் போனேன். சென்சாரின் முனை தேய்ந்து மழுங்கியிருந்தது. புதிதை மாட்டியதும் முள் எழும்பியது, விளக்கும் அணைந்தது. "என்ன வே பண்ணுனீரு?" என்று அண்ணாச்சி கேட்டார். "வயரச் சரி பண்ணிட்டேன்" என்றேன். கெட்டிக்காரன் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பொய்ச் சத்தியம் பண்ணினவன் ஓட்டினால் வண்டி கவிழும் என்று பேச்சாகிவிட்டது. திருவேங்கடம் ஊர் வரைக்கும் யாரும் சுடலைமுத்து அண்ணனுக்கு ஸ்டியரிங் கொடுக்கவில்லை. சில வருஷம் கழித்துப் புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். நான் ஒளியப் பார்த்தேன், அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"அது நீரு சுத்துன டேப்புதான வே?"

"ஆமாண்ணே" என்றேன். "அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா ஒம்ம பொழப்பு போயிரும்லா. நீரா சொல்லுவீருன்னுதான் ஒம்ம மூஞ்சியப் பாத்தேன். நீரு சிரிச்சீரு." மூட்டையைத் தோளில் மாற்றி வைத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. செத்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள்.

இப்போது யாரும் டிரைவரிடம் சூடம் கேட்பதில்லை. வண்டி எங்கே போகிறது என்று முதலாளி வீட்டிலிருந்தே செல்போனில் பார்த்துக்கொள்கிறார். என் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. மெக்கானிக் செருகிய அந்தக் கருவி அன்றைக்கு இருந்திருந்தால் சுடலைமுத்து அண்ணன் தப்பியிருப்பார் என்று மருமகனிடம் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. கருவி இல்லாமலே உண்மை தெரிந்த ஒருத்தன் அன்றைக்குத் தேரடியில் நின்றுகொண்டுதான் இருந்தான், சேறு படாத வெள்ளைச் சட்டையோடு.