கிழக்குப் பார்த்த படுக்கை

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் அவளை எல்லோரும் ராக்கெட் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருட வேலையில் அவள் வாயில் அதிகம் புரண்ட இங்கிலீஷ் சொல் ஷிஃப்ட். அவளுக்குப் பொழுது விடிவதும் சாய்வதும் ஷிஃப்ட். நோயாளியை வார்டு மாற்றினால் ஷிஃப்ட். வீட்டுக்காரன் தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் வைத்தால் அதுவும் ஷிஃப்ட். புருஷன் இன்னொருத்தியோடு போனபோது, "மாமா எங்கக்கா?" என்று கேட்ட நர்ஸிடம், "ஷிஃப்ட் ஆயிட்டாரு" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பொத்தானை அமுக்கினாள். எந்த ஷிஃப்டானாலும் முடிவெடுப்பவன் ஒருவன், மூட்டை கட்டுபவன் இன்னொருவன். அது மட்டும் அவளுக்கு அத்துப்படி.

அன்று காலை டாக்டர் அவளை ஓரமாக அழைத்தார்.

"ஒன்பதாம் பெட்டை வராந்தாவுக்கு ஷிஃப்ட் பண்ணிடும்மா."

ஒன்பதில் கிடந்தவள் பஞ்சு மில்லில் நுரையீரலைத் தொலைத்த கிழவி. கட்டிலுக்குப் பின்சுவர்க் குழாயில் வரும் ஆக்சிஜனில்தான் அவள் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. வராந்தாவில் அந்தக் குழாய் கிடையாது.

"அங்க மூச்சுக்கு என்ன பண்ணுவா, டாக்டர்?"

"நிர்வாக அதிகாரியோட மாமியாருக்கு அந்த பெட் வேணுமாம்."

"அவங்களுக்கு என்ன?"

"கால் சுளுக்கு."

"சுளுக்குக்கு ஆக்சிஜனா?"

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "கிழக்குப் பார்த்துப் படுக்கணும்னு ஜோசியர் சொல்லியிருக்காராம்."

பிணத்தை அறுத்துப் படித்த படிப்பு, கடைசியில் ஜோசியனுக்கு எடுபிடி வேலை!

அந்த ஆஸ்பத்திரியில் சீட்டில் காரணம் எழுதி, டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் நோயாளியை நகர்த்தலாம். அவசரத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை. ராக்கெட் ஒரு சீட்டை எடுத்தாள். காரணம் என்ற கட்டத்தில் குண்டு குண்டாக 'ஜோசியர் சொன்னார்' என்று எழுதி நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்க. இப்பவே தள்ளிடுறேன்."

"விளையாடுறியா?"

"நீங்க சொன்னதத்தானே எழுதினேன்? தப்புன்னா அடிச்சுட்டு வேற எழுதுங்க."

டாக்டர் பேனாவைத் திறந்தார், மூடினார். எட்டாம் படுக்கைக்காரி வலியையும் மறந்து சிரித்தாள்.

"உன்னைப் பிணவறையில தூக்கிப் போடுவாங்க, தெரியுமா?" என்றார் டாக்டர்.

"போடட்டும். அதுக்கும் ஜோசியர்கிட்ட நாள் குறிச்சுட்டு வரச் சொல்லுங்க."

டாக்டர் சீட்டைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். மாமியாரை மாடியில் தனி அறையில் சேர்த்தார்கள். நாலு பேர் கட்டிலைப் பிடித்துத் திருப்பியதும் அங்கேயும் கிழக்கு வந்துவிட்டது.

மறுநாளே ராக்கெட்டுக்குப் பிணவறை என்று ஆர்டர் வந்தது. போகிற வழியில் ஒன்பதை எட்டிப் பார்த்தாள். கிழவி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்கேடி போட்டாங்க உன்னை?"

"பிணவறையில, ஆத்தா."

கிழவி குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டாள்.

"அப்போ நீதான் என்னைப் பாக்க இங்க வரணும். நான் அங்க வர்றதா இல்ல."