சத்திரத்துக் கிணறு வற்றிய காரணம்

இன்று செவிலிமேடு பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பழைய கட்டட மேஸ்திரி. எங்கள் தெருப் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"எழுபத்தொண்ணோ ரெண்டோ, உங்க தெரு கல் சத்திரம் ஒரு பக்கமா எறங்கிக்கினே இருந்துச்சுபா. நான்தான் அஸ்திவாரத்துக்கு அடியில பைல் தூண் போட்டேன். வாசல் குறுகல், மிஷின் நுழையாது. உள்ளயே கையால துளை போட்டு கான்கிரீட் எறக்கினோம்."

"தோண்டின சேத்தையெல்லாம் அந்த வாசல் வழியாவா தூக்கினீங்க?"

சிரித்தார். "எவன் தூக்குவான்? உள்ளயே கிணறு இருந்துச்சே, அதுல கொட்டிட்டோம். ரெண்டு நாள்ல தண்ணி மேல தெளிஞ்சுடுச்சு. எவனுக்கும் தெரியல!"

தெளிந்தது மேலேதான்; அடியில் படிந்த சேறு ஊற்றுக்கண்ணை அடைத்திருக்கிறது.

அந்தக் கோடையில் கிணறு வற்றியது. தீட்டோடு தண்ணீர் இறைத்துவிட்டாள் என்று தெருவே என் அத்தை மேல் பழி போட்டது. சத்திரத்தில் பரிகாரப் பூசை நடந்தது. அதற்குப் பிறகு சாகும்வரை அத்தை எந்தக் கிணற்றடிக்கும் போகவில்லை.

இறங்கும்போது மேஸ்திரி கேட்டார்: "சத்திரம் இன்னும் அசையாம நிக்குதில்ல?"

நிற்கிறது ஐயா, நன்றாகவே நிற்கிறது.

அந்தப் பூசையில் சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்றவர்கள் யாராவது இங்கே இருந்தால் கை தூக்குங்கள். முதல் கை என்னுடையது.