கன்னத்தில் தேய்த்த இலை

இலையின் அடிப்பக்கத்தைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்த பிறகுதான் எழுத்து வெட்டும் சிற்றுளியைக் கையில் எடுக்கிறார். தாவரத் தோட்டத்து மரங்களுக்குப் பெயர்த்தகடு செய்பவர் அவர், எல்லோருக்கும் ‘தகடக்கா’. மேல்கோட்டுப் பையில் திருப்புளி, கொண்டையில் பென்சில். அந்தப் பென்சிலைத் தேடித் தினமும் மேசையைக் கலைப்பார்.

தகட்டில் வெட்டும் தாவரப் பெயர்கள் லத்தீன்; அவரோ லத்தீன் படித்தவரில்லை. ஆனாலும் பொருள் தெரியாத சொல்லை இப்போதெல்லாம் தகட்டில் வெட்டுவதில்லை; தோட்டத்தின் ஆய்வாளரை வழிமறித்துக் கேட்டுவிடுவார். ‘கிளாப்ரா’ என்றால் ரோமமற்றது, வழுக்கை. ‘டொமென்டோசா’ பற்றிச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. “டொமென்டம்னா மெத்தைக்குள்ள அடைக்கிற கம்பளி, முடி, பஞ்சு. இலையில அப்படி மொத்தமா ரோமம் இருந்தா இந்தப் பேரு. என் தம்பி மெத்தைதான் தைக்கிறான். ‘உன் தொழில் பேருல மரமே இருக்குடா’ன்னேன். ‘ஊசி எந்த மரத்துல காய்க்குதுன்னு கேட்டுச் சொல்லு’ங்கிறான்!”

சென்ற வாரம், பாதையை அகலமாக்க நீரேற்று அறைக்குப் பின்னாலிருந்த மரத்தை வெட்ட வந்தார்கள். பட்டியலில் அது கிளாப்ரா. தோட்டத்தில் இன்னும் ஆறு உண்டு. தகடு கழற்றாத மரத்தில் ரம்பம் வைக்கக்கூடாது என்பது அங்கே விதி. நான்கு திருகாணிகளில் இரண்டைக் கழற்றிய தகடக்கா, பழக்கதோஷத்தில் ஓர் இலையைப் பறித்துக் கன்னத்தில் வைத்தார். வேலையை நடத்த வந்திருந்த மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார்.

“சார், இது வழுக்கை இல்ல. தொட்டுப் பாருங்க, மெத்தை. இந்த வகையில டொமென்டோசா நம்மகிட்ட இது ஒண்ணுதான்.”

“கிளாப்ரான்னு வெட்டினது நீங்கதானே?” என்றார் மேற்பார்வையாளர்.

“நான்தான். பதினோரு வருஷம் முன்னாடி. அப்ப இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையா நின்னுச்சு, பட்டியலைப் பார்த்து வெட்டிட்டேன். தப்பு என்னோடது. அதுக்கு மரம் சாகணுமா? ஆய்வாளரம்மா வந்து பார்க்கட்டும்.”

“அவங்க வர நாளன்னிக்கு ஆயிடும். வேலையை நிறுத்த முடியாதும்மா.”

“அக்கா, சீக்கிரம் சொல்லுங்க, வெயில் ஏறுது” என்றார் ரம்பக்காரர்.

“ஏறட்டும் தம்பி. இந்த மரத்து நிழல்லயே உக்காரு.”

மேற்பார்வையாளர் தகட்டைக் காட்டினார். “மீதி ரெண்டையும் கழட்டுங்க.”

உள்ளங்கையிலிருந்த இரண்டு திருகாணிகளையும் தகடக்கா ஒருமுறை பார்த்தார். தப்பான பெயர் வெட்டிய அந்தத் தகட்டை நேராகப் பிடித்து, இரண்டையும் மறுபடி பொருத்தி, மணிக்கட்டு நோகும்வரை இறுக்கினார். பிறகு திருப்புளியைக் கோட்டுப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார்.