தட்டு விழாத இடம்

ஆபீசில் அவனுக்குப் 'பச்சை' என்று பட்டப்பெயர். அவன் எழுதுகிற சோதனைகளெல்லாம் திரையில் பச்சையாகவே, அதாவது பாஸாகவே, முடியும். ஒரு வெப்சைட் வெளியே போவதற்கு முன்னால், மனிதர் தட்டுகிற மாதிரியே அதைத் தட்டிப் பார்க்கும் புரோகிராம் எழுதுவது அவன் பிழைப்பு. கெட்டிக்காரன்தான், யார் இல்லையென்றது? கொஞ்சம் தலைக்கனம், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி முன்பதிவுப் பக்கம் ஒன்று வந்தது. எந்தப் பிரிவு என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலில்தான் வம்பு. பிரவுசரே தருகிற சாதாரணப் பட்டியல் என்றால் நொடியில் முடிந்திருக்கும். இது டிசைன்காரர்கள் அழகுக்காகச் சொந்தமாகச் செய்தது. பெட்டியைத் தட்டினால்தான் பெயர்களே முளைக்கும். கடைசியில் இருந்த 'கண்' பிரிவைத் தட்டப் போனால் சிவப்பு. அதன் மேல் வேறொன்று நிற்கிறது, தட்டு அங்கே விழாது என்று பளிச்சென்று சொன்னது புரோகிராம். நம்மாள் காது கொடுத்தால்தானே! மேனேஜர் தலைமேல் நின்றார். மேலே எது நின்றாலும் சரி, உள்ளிருந்தே 'கண்' பிரிவைத் தேர்ந்ததாக ஆக்கிவிடு என்று புரோகிராமில் ஒரு வரி சேர்த்தான். பச்சை வந்தது. பக்கமும் வெளியே போனது.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தாள். தையல்காரி.

"தம்பி, இடது கண்ணுல ஓரமா கறுப்பா என்னமோ மறைக்குதுடா. கண் டாக்டருக்குப் பதிவு பண்ணலாம்னு அமுக்கறேன், மாட்டேங்குது."

"நானே சோதிச்ச பக்கம்க்கா அது. சரியா அமுக்கு."

"அமுக்கிட்டுதாண்டா இருக்கேன். 'உதவி வேணுமா'ன்னு ஒரு வட்டம் வந்து மேல உக்காந்துக்குது."

"சின்னப் பசங்ககூட அமுக்குதுங்க, உனக்கு என்னக்கா? மீட்டிங் இருக்கு, வை."

பக்கத்து சீட்டுக்காரி சிரித்தாள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அடப்பாவி, சிரித்தான்!

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனான். மெஷின் மூடிக் கிடந்தது. அவள் போனை முகத்தருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தினமும் பழகிப் பாக்கறேன்டா, இன்னும் கை வரல. உன்கிட்ட மறுபடி கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

வாங்கி அமுக்கினான். சின்னத் திரையில் அந்த வட்டம் சரியாகக் 'கண்' மேலேயே வந்து உட்கார்ந்தது. விரலை எப்படி வைத்தாலும் விழவில்லை. அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. செத்துத் தொலையலாம் போல வெட்கமாக இருந்தது. அவளைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

விழித்திரை பிரிந்துவிட்டது, உடனே ஆபரேஷன் செய்தாலும் போன பார்வை முழுசாகத் திரும்பாது என்றார் கண் டாக்டர். "ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?"

"எனக்கு போன் அமுக்கத் தெரியலைங்க. தம்பி சொல்லித்தான் குடுத்தான், நான் மரமண்டை."

"இல்ல டாக்டர்." அவன் குறுக்கிட்டான். "அக்கா சரியாத்தான் அமுக்கினாங்க. அந்தப் பக்கம்தான் ஓட்டை. அது சோதனையிலேயே தெரிஞ்சுது, நான்தான் மூடி மறைச்சேன்."

அக்கா அவன் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அவன் சொல்றதை நம்பாதீங்க. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான், யார் முன்னாடியும் என்னை விட்டுக் குடுக்க மாட்டான்."